குறுக்குப் பாதையும் மூன்று சக்கர வண்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா டவுனில் ஒரு கடைக்குள் என்னை நிறுத்தி, குழந்தையை வைத்துத் தள்ளுகிற இரண்டு வண்டிகளைக் காட்டி, "எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்கக்கா" என்றான் என் தம்பி ரமேஷ். ஒன்று நாலு சக்கரம். மற்றது மூன்று சக்கரம், முன்னால் சின்னதாக ஒன்று, பின்னால் பெரிதாக இரண்டு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவனுக்குப் பிறந்த பெண் குழந்தைக்குத்தான் இந்த ஆர்ப்பாட்டம். எட்டு மாதம் ஆகிறது. அவன் மனைவி ஷாலினியின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, கடைக்காரரின் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பறிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பிள்ளை வளர்ப்பு என்றால் என்னைத்தான் கேட்பார்கள். எனக்குப் பிள்ளை கிடையாது. ஆனால் இருபது வயதில் வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள். மூன்று வருஷம் நான் மூக்குச் சிந்திவிட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது கொழும்பில் வேலையில் இருக்கிறார்கள், வழியில் கண்டால் யாரோ என்று போவார்கள். அது கிடக்கட்டும். ஒரு ரவிக்கைத் துணி எடுக்கப் போனாலே நாலு கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு வருகிறவள் நான். என்னிடம் போய் இதைக் கேட்டால் எப்படி?

என்ன செய்வதென்று தெரியாமல், மூன்று சக்கர வண்டியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். கனம் எவ்வளவு என்று தெரியவேண்டும் போல் இருந்தது.

"அக்கா, இது தூக்குறதுக்கில்ல. தள்ளுறதுக்கு" என்றார் கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் அந்த வண்டியை ஒரே விரலால் வட்டம் சுற்றிக் காட்டினார், ஒரு தட்டுத் தட்டி மடக்கினார், திரும்ப விரித்தார். புது டயரின் ரப்பர் வாசம் எழுந்து வந்தது.

அந்த வாசத்தை முதலில் முகர்ந்தது தோட்டத்துப் பெரிய பங்களாவின் சாமான் அறையில். அதைச் சொல்வதற்கு முன்னால் பிள்ளைக்காம்பராவைச் சொல்லவேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளமான அறை. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். கூரை மரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். பால், ஈரத் துணி, பினாயில், விறகுப் புகை எல்லாம் கலந்து ஒரு வாசம், வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் போகாது. பாக்கியம் அக்காதான் அங்கே பெரியவர், அடுப்பும் அதட்டலும் அவர் பொறுப்பு. நான் உதவிக்கு. பத்தாம் வகுப்புப் பரீட்சை பாஸ் பண்ணியிருந்ததால் எல்லோரும் என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். மூத்திரத் துணி அலசுகிற டீச்சர். இருந்தாலும் அந்தப் பேரில் எனக்கு ஏகப் பெருமை.

ஒரு நாள் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. தோட்ட மானேஜர் பெரிய துரைக்கு மாற்றலாகிவிட்டது, வீட்டுச் சாமான்களை ஒழிக்கிறார்கள், பிள்ளை வண்டி இரண்டு இருக்கிறது, ஒன்றைப் பிள்ளைக்காம்பராவுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார் துரைசாணி. பாக்கியம் அக்கா என்னை அனுப்பினார். ஒன்று நாலு சக்கரம் வைத்தது, கறுப்பு, கட்டில் மாதிரி கனம். மற்றது வான நீலம், மூன்று சக்கரம். துரைசாணி ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்த நீல வண்டியைப் பங்களாப் புல்வெளியில் தள்ளிக்கொண்டு போவதை எத்தனையோ முறை வேலிக்கு வெளியே நின்று வாய் பார்த்திருக்கிறேன். பங்களாவில் சமைக்கிற அப்பு மட்டும் சொன்னார்.

"நாலு சக்கரத்த எடுங்க டீச்சர். மூணு சக்கரம் புல்லுக்குத்தான் சரி. நம்ம ரோட்டுல இழுத்துக்கிட்டுப் போயிரும்."

நான் கேட்கவில்லை. நீலத்தை எடுத்தேன். வழியெல்லாம் ஒரு கையாலேயே தள்ளிக்கொண்டு வந்தேன், மறு கையில் கோப்பை இல்லாததுதான் குறை.

அதற்குப் பிறகு பிள்ளைக்காம்பராவில் நிம்மதி போயிற்று. இருபத்திரண்டு பிள்ளை, ஒரு வண்டி. பத்து மணிக்குப் பால் கொடுக்க வருகிற தாய்மாருக்குத் தன் பிள்ளை வண்டியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவேண்டும். இன்றைக்கு இந்தப் பிள்ளை, நாளைக்கு அந்தப் பிள்ளை என்று முறை வைத்தேன். முறை தவறினால் சண்டை. லெட்சுமி அக்காவுக்குத்தான் அதிக வருத்தம். அவருடைய மகள் சுகந்திக்கு ஒன்றரை வயது, ஓர் இடத்தில் தரிக்காத பிள்ளை. பாக்கியம் அக்கா பால்மா டின்னைத் தட்டினால் போதும், எங்கே இருந்தாலும் ஓடிவந்து இடுப்பை ஆட்டும்.

"எம்புள்ளைய மட்டும் வண்டியில வைக்க மாட்டீங்களா டீச்சர்? நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

"வெச்சா இருந்தாத்தானக்கா? ரெண்டு நிமிசத்துல எறங்கி ஓடிருது."

"ஒரு நாளாவது நா கண்ணால பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு நாள் காலையில் லெட்சுமி அக்கா பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது, "லேசா சூடா இருக்கு டீச்சர், பாத்துக்குங்க. இன்னைக்கு வேலைக்குப் போகாம நின்னா பேர் போட மாட்டாங்க, நாள் சம்பளம் போயிரும்" என்றார். தொட்டுப் பார்த்தேன், லேசாகத்தான் இருந்தது. ஒன்பது மணிக்குப் பிள்ளை வாந்தி எடுத்தது. ஒன்பதரைக்குக் கழுத்து விறைத்துக் கண் சொருகிவிட்டது.

தோட்டத்து டிஸ்பென்சரி கீழே, தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் அதன் தகரக் கூரை தெரியும். தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் கல்படி இறங்கினால் கால் மணி நேரம். லொறி போகிற ரோட்டில் என்றால் மலையைச் சுற்றிச் சுற்றி முக்கால் மணி நேரம். எங்கள் ஊர்களில் யாரும் ரோட்டில் நடக்க மாட்டார்கள். ரோடு லொறிக்கு, குறுக்கு மனுஷருக்கு.

"தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு குறுக்குல எறங்கு" என்றார் பாக்கியம் அக்கா. அவருக்கு முழங்கால் முடியாது, இல்லாவிட்டால் அவரே ஓடியிருப்பார்.

நான் வண்டியைப் பார்த்தேன். பிள்ளை படுத்த மாதிரி போகும், மழை பெய்த படியில் வழுக்கி விழுந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று சொன்னேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. வண்டி என்று ஒன்று இருக்கும்போது பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது எனக்குப் படிக்காதவர்கள் செய்கிற வேலையாகத் தெரிந்தது. இருபது வயதுப் பெண்ணின் புத்தி. இதை எத்தனை தரம் எனக்கே சொல்லிப் பார்த்தும் ஆறவில்லை.

பிள்ளையை வண்டியில் கிடத்தி ரோட்டில் தள்ளிக்கொண்டு ஓடினேன். ரோடு வளைகிற முதல் முடக்கு வரை நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் முடக்கில் முன்சக்கரம் லேசாக ஆடத் தொடங்கியது. அந்த இடத்தில் எதிர் மலை தெரியும், அங்கேதான் அன்றைக்குக் கொழுந்து. பெண்கள் எங்களைக் கண்டுவிட்டார்கள். "டீச்சர் ஊர்கோலம் போறாங்க டோய்" என்று ஒரு குரல் வந்தது. பிறகு லெட்சுமி அக்காவின் குரல், "சுகந்தீ... ஏய் சுகந்தீ..." என்று மகிழ்ச்சியில் நீண்டு வந்தது. தன் பிள்ளைக்கு முறை வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். நடுவில் பெரிய பள்ளம். என்ன சொல்லிக் கத்துவது? ஒரு கையைத் தூக்கி ஆட்டினேன். அவர் இரண்டு கையையும் ஆட்டினார்.

மூன்றாம் முடக்கில் சரளைக் கல்லில் முன்சக்கரம் திரும்பிக்கொண்டது. நேராக்கித் தள்ளினால் திரும்பவும் கோணியது. பத்தடிக்கு ஒரு தரம் குனிந்து நேராக்கினேன். கடைசியில் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி வளைந்தே போயிற்று. டிஸ்பென்சரிக் கூரை காலடியில் இருப்பது போல் தெரிந்தது. அந்த இடத்தில் குறுக்குப் பாதை கிடையாது, இடுப்பளவு தேயிலை. வண்டியை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மீதி ரோட்டை ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு வலிப்பு கண்டிருந்தது.

சுகந்தி பிழைத்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். வீட்டுக்கு வந்து சில நாள் கழித்துப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுவந்தார்கள். பாக்கியம் அக்கா ஆசையாக டின்னைத் தட்டினார். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இன்னும் பலமாகத் தட்டினார். தொட்டிலில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் எழுந்து அழுதன. சுகந்தி திரும்பவில்லை.

நான் லீவு போட்டுவிட்டு அந்த ஆஸ்பத்திரி டாக்டரைத் தேடிப் போனேன். அரை மணி நேரம் முந்தி வந்திருந்தால் காது தப்பியிருக்குமா என்று கேட்டேன்.

"முந்தி வந்தா எப்பவும் நல்லதுதான்" என்றார். "ஆனா இது அதாலதான் வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா."

தப்பியிருக்கும் என்றால் அழுது தீர்த்திருப்பேன். தப்பியிருக்காது என்றால் தூங்கியிருப்பேன். அவர் இரண்டும் சொல்லவில்லை. தோட்டத்தில் யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. டீச்சர் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், அதனால்தான் உயிராவது மிஞ்சியது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அங்கே நிற்க முடியாமல் ஏதாவது துணியை எடுத்துக்கொண்டு தண்ணீர் விழுகிற பீலிக்கு அலசப் போய்விடுவேன். நீல வண்டியை நான் திரும்பப் போய் எடுக்கவில்லை. அதன் பின்சக்கரங்களை யாரோ கழற்றித் தண்ணீர்க் கேன் இழுக்க வைத்துக்கொண்டார்கள்.

நுவரெலியாக் கடையில் ஷாலினி குழந்தையை மூன்று சக்கர வண்டியில் உட்கார வைத்தாள். அது இரண்டு காலையும் உதைத்துச் சிரித்தது. "முடிஞ்சுதக்கா, அவளே சொல்லிட்டா" என்றான் ரமேஷ். அவனுக்கு அந்தக் கதை தெரியாது. அப்போது அவன் சின்னப் பையன், அத்தை வீட்டில் இருந்து படித்தான்.

"ரமேஷ், அவசரம் ஆத்திரம்னா வண்டிய போட்டுட்டுப் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடணும், தெரியுதா?" என்றேன்.

"என்னக்கா பேசுறீங்க? ஃபோன் பண்ணா ஆட்டோ வீட்டு வாசலுக்கு வருது" என்றான்.

அவன் சொல்வது சரிதான். எங்கள் தோட்டத்து ரோட்டுக்குக்கூடக் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். லயத்து வாசலிலேயே நாலைந்து ஆட்டோ நிற்கிறது. குறுக்குப் பாதையில் ஆள் இறங்குவதில்லை, கல்படியைப் புல் மூடிவிட்டது. டிஸ்பென்சரியைப் பூட்டிப் பல வருஷமாயிற்று. பிள்ளைக்காம்பராவின் கூரைத் தகரத்தைக் காற்று கொண்டுபோனது, யாரும் திரும்பப் போடவில்லை. பாக்கியம் அக்காவும் போய்விட்டார். எதிர் மலை பாதி காடாகிக் கிடக்கிறது.

சில மாதங்களுக்கு முன் வட்டகொடை ஸ்டேஷனில் லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். ஹட்டனில் தையல் வேலை செய்கிற மகள் சுகந்தியைப் பார்க்கப் போகிறார். அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது, வீடியோவில் கையால் பேசுவாளாம், தனக்குப் பாதிதான் விளங்குமாம். இரண்டு பேரும் ஒரே வாங்கில் உட்கார்ந்து, அவர் கையில் வைத்திருந்த கடலையைக் கொறித்தோம். மலையில் இப்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, ஆளுக்கொரு ஃபோன் வந்துவிட்டது என்றார்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் டீச்சர். அன்னைக்கு நீங்க ரோட்டுல தள்ளிக்கிட்டுப் போனப்ப நா மலையில இருந்து கூப்புட்டேன்ல, அப்ப எம்புள்ள திரும்பிப் பாத்துச்சா?"

"பாத்துச்சுக்கா" என்றேன். "உங்க பக்கமாத்தான் பாத்துச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அதுதான், அதுதான் எங்குரலு கடைசியா அதுக்குக் கேட்டிருக்கும்" என்று சொல்லி, கடலைத் தோலை முந்தானையிலிருந்து உதறிவிட்டு, ரயிலுக்கு எழுந்து நின்றார்.

அவர் கூப்பிட்டபோது பிள்ளை திரும்பியதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் முன்சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.