இடது காலுக்கு ஓய்வு கொடுத்தவர்

இடது காலை மடக்கி இருக்கையின் மேல் போட்டுக்கொண்டுதான் கண்ணாடிக்காரர் காரைக் கிளப்புகிறார். கிளட்ச் இல்லாத வண்டியில் அந்தக் காலுக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. பார்த்தால் பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி இருக்கும்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்கிறவர். தலை சுற்றுகிறது என்று யாராவது திரும்பி வந்தால், "கண்ணாடி சரியாத்தான் இருக்கு, உங்க கண்ணுதான் இன்னும் பழகல" என்று அனுப்பிவிடுவார். சொந்தத் தம்பியின் மாமனாரையே அப்படித்தான் அனுப்பினார். அந்த மனுஷர் சுவரைத் தடவித் தடவி நடந்து பழகினார்.

வீடு இருப்பது ஏற்றத் தெருவின் உச்சியில். நடுவில் நிற்க நேர்ந்தால், மறுபடி கிளம்ப பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டி தானாகப் போகட்டும் என்று சாய்ந்துகொள்வார். சமதளத்தில் அது தானாக ஊர்ந்து போகும்தான். ஏற்றத்தில் பின்னால் வரும். முதல் தடவை இடித்தது ஒரு காய்கறி வண்டி. அடுத்தது மச்சான் வீட்டு கேட். மச்சான் என்றால் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். தங்கையை இவருக்குக் கொடுத்தபோதுகூட முகம் சுளிக்காதவர் அன்றைக்குச் சுளித்தார்.

மெக்கானிக் பொறுமையாகச் சொன்னார். "சார், மிதிக்காம விட்டா இன்ஜின் முன்னாடி தள்ளுறது கொஞ்சம்தான். பெரிய ஏத்தத்துக்கு அது பத்தாது. பிரேக்க விட்டதும் ஆக்சிலேட்டர மிதிங்க. பயமா இருந்தா ஹேண்ட்பிரேக் போட்டுட்டு எடுங்க."

"எல்லாத்தையும் நானே மிதிக்கணும்னா ஆட்டோமேட்டிக்குன்னு எதுக்குய்யா பேரு?"

மெக்கானிக் காரை ஒரு தடவை பார்த்தார், அவரை ஒரு தடவை பார்த்தார். கோளாறு எதில் என்று தெரிந்துவிட்டது போல பானெட்டை மூடினார்.

இதற்குள் மனைவி சத்தமில்லாமல் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். "இன்னொரு தடவை பின்னாடி போச்சுன்னா சாவி எங்கிட்ட வந்துடணும். அப்புறம் நீங்க பக்கத்துல உக்காந்து ரெண்டு காலையும் மடக்கிக்கலாம்" என்றாள். அண்ணன் எதிரிலேயே சொன்னதால் இவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் சாவி போனால் மானம் போன மாதிரி. மனைவி ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்து போகிற சகலையை, "என்ன பார்சல், எப்ப டெலிவரி?" என்று ஊர் முழுக்கக் கேலி பண்ணி வைத்திருப்பவர் இவர்தானே.

போன வாரம் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து அழைத்து வந்தார். பாதி ஏற்றத்தில் எதிரே குப்பை லாரி நின்றது. காத்திருந்தார். லாரி ஒரு சந்துக்குள் திரும்பி வழி விட்டது. பிரேக்கை விட்டுச் சாய்ந்துகொண்டார்.

பின்சீட்டிலிருந்து மாமியார், "மாப்ள, வீடு தூரமா போகுதே" என்றார்.

"லாரி திரும்புனதுல உங்களுக்கு அப்படித் தெரியுது அத்தை. பழகிடும்."

பின்னால் ஹார்ன் அலறியது. பக்கத்து சீட்டில் இருந்த மனைவி குனிந்து ஹேண்ட்பிரேக்கை வெடுக்கென்று இழுத்தாள். பின்னால் இருந்த காரை இடிக்க ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது. அவள் உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

கண்ணாடிக்காரர் அந்தக் கையின் பக்கமே திரும்பவில்லை. ஜன்னலை இறக்கி, தன் கையை வெளியே நீட்டி, பின்னால் நின்றவனை இன்னும் கொஞ்சம் பின்னால் போகச் சொல்லிச் சலிப்போடு அசைத்தார்.