ஜாரைத் துடைத்த உப்பு

கடையில் விற்கிற ருசித்தூள் பாக்கெட்டைக் கண்டாலே பொடியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறவள். அந்தப் பட்டப்பெயரும் அங்கே வைத்ததுதான். காளானையும் தக்காளியையும் வெயிலில் சருகாகக் காயவைத்து, வெங்காயத்தைக் கருகாமல் வறுத்து, உப்புச் சேர்த்து அரைத்து வைத்துக்கொள்வாள். ஒரு சிட்டிகை போட்டால் போதும், வெறும் காய்கறித் தண்ணீரைக்கூட வழித்துக் குடிப்பார்கள். மீன் சமைக்கிற நாளுக்கென்று காய்ந்த இறாலில் தனியாக ஒரு பொடி.

மகன் கல்யாணத்துக்குப் பிறகு அந்த இறால்தான் அவளுக்கு எமனாக வந்து வாய்த்தது. மருமகளுக்கு இறால் ஆகாது; கொஞ்சம் உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதனால் இறாலுக்குத் தனி பாட்டில், தனி கரண்டி, தனி அலமாரி. இவ்வளவு செய்தும், அந்தப் பெண் சாப்பிட உட்கார்ந்தாலே பொடியம்மா ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அன்று மதியம் மகனும் மருமகளும் சாப்பிட வந்திருந்தார்கள். காளான் பொடி போட்ட சூப்பில் பாதி குடித்த மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அத்தை, உதடெல்லாம் அரிக்குது.”

“சூடா இருக்கும்மா, ஆற வச்சுக் குடி.”

சொல்லி வாய் மூடவில்லை, உதடு வீங்கத் தொடங்கிவிட்டது. ஐயோ, அந்தக் கண்கள் மிரண்டதை எப்படிச் சொல்வது! மகன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மருமகளின் பையை அள்ளிக்கொண்டு, செருப்புக்கூட மாட்டாமல் பின்னாலேயே ஓடினாள் பொடியம்மா.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் மூச்சு மெல்லச் சீரானது. “காலையில தலைவலி மாத்திரை போட்டாங்கன்னீங்களே, அதுவா இருக்கலாம்” என்றார் டாக்டர்.

அப்பாடா என்று உட்காரப் போனவளுக்கு நெஞ்சு திக்கென்றது. மிக்ஸி ஜார்! பொடி அரைத்த ஜாரைக் கேன்டீனில் கழுவமாட்டார்கள். ஈரம் பட்டால் அடுத்த பொடி பூசணம் பிடித்துவிடும். ஒரு பிடி உப்பைப் போட்டுச் சுற்றித் துடைத்துவிடுவார்கள். வீட்டிலும் இறால் அரைத்த ஜாரை அவள் அப்படித்தான் துடைத்தாள். துடைத்த உப்பை எறிய மனம் வராமல், கைப்பழக்கத்தில் காளான் பொடியில் கொட்டிவிட்டாள். பாவி!

அதே பொடியில் ஒரு பாட்டில், மருமகள் தன் வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது, இந்தப் பையில் இருக்கிறது. சத்தமில்லாமல் எடுத்து எறிந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பழி மாத்திரையோடு போகட்டும். கையைப் பைக்குள் விட்டாள். மூடி இறுகாமல் பொடி சிந்தியிருந்தது.

“என்னம்மா எடுக்குற?” மகன் பின்னால் நின்றான்.

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. கட்டிலில் கிடந்தவளின் வீங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல முடியவில்லை.

“மாத்திரை இல்லடா. இதுல இறால் கலந்துபோச்சு. ஜாரைத் துடைச்ச உப்பு... நான்தான் கொட்டினேன்.”

மகன் முகம் வெளுத்தது. “தெரிஞ்சே போட்டியா?”

பெற்ற பிள்ளை கேட்கிறான்.

“அவங்கள அப்புறம் திட்டுங்க” என்றாள் மருமகள், கரகரத்த குரலில். “எனக்கு இன்னும் பயமா இருக்கு. அத்தை, இங்க வந்து உட்காருங்க.” கையை நீட்டினாள்.

பொடியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தக் கையைப் பிடிக்கப் போனவள், தன் விரல்களில் ஒட்டியிருந்த பொடியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.