தானாக ஓடும் வண்டி

இனிமேல் வீட்டுக்கு ஒரு கார் வரும், காருக்கு ஒரு டிரைவர் வேண்டும். மைசூர் மண்டி மொஹல்லாவில் முதலாளிகளுக்காகக் காத்துக் கிடந்த நாங்கள் அப்படித்தான் நம்பினோம். கொள்ளேகாலிலிருந்து பிழைக்க வந்த எனக்கு அந்த நம்பிக்கைதான் சோறு. என் முதலாளியான வக்கீலின் நம்பிக்கை வேறு.

ஆயுத பூஜையன்று காரைக் கழுவி, மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பழத்தை நசுக்கி வண்டியை நகர்த்துவது டிரைவரின் உரிமை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தெரு எங்களை நிமிர்ந்து பார்க்கும். நான் கதவைத் திறந்ததும் வக்கீல் என்னை ஒதுக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார்.

“பொத்தானை அமுக்கினா கிளம்புது. இன்னும் பத்து வருஷத்துல தானாவே ஓடும். டிரைவர் எதுக்குப்பா இனி? நாளையிலேர்ந்து வராதே.”

தெரு சிரித்தது. பழம் நசுங்கியது. எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு சாமராஜநகர் போகும் பஸ்ஸில் வேலை கிடைத்தது. உலகப் போர் வந்து பெட்ரோலுக்குப் பஞ்சமானதும் கார்கள் கொட்டகையில் முடங்கின. பஸ்ஸுக்குப் பின்னால் கரி உலையைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினோம். மேடு வருமுன் நிறுத்தி உலையைக் கிளறிவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி பாதி மேட்டில் நின்றுவிடும், ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

ஒரு நாள் வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டுமாக வக்கீல் ஏறினார். வாரா வாரம் சாமராஜநகர் கோர்ட்டில் அவருக்கு வேலையாம். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் முன்வரிசையில் உட்கார்ந்தார். நஞ்சன்கூடு தாண்டி மேடு வந்தது. நான் உலையைக் கிளறவில்லை.

பஸ் நின்றது. அவரைத் தவிர ஆண்கள் எல்லாரும் இறங்கினார்கள்.

“ஏனுங்க சாமி, வண்டி தானா ஓடற காலம் இன்னும் வரலீங்க. எறங்கித் தள்ளுங்க!” என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

இறங்கினார். உலைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. உச்சிக்கு வந்தபோது வேட்டியெல்லாம் கரி, முகமெல்லாம் கரி. என் வயிறு அன்றுதான் குளிர்ந்தது. கூடத் தள்ளியவர்கள் பாவம், அவர்களுக்கு என் மடியிலிருந்த வெற்றிலை பாக்கைக் கொடுத்தேன். அவருக்குக் கொடுக்கவில்லை.

போர் முடியும்வரை, அவர் ஏறிய நாளெல்லாம் அந்த மேட்டில் என் பஸ் நின்றது. பெட்ரோல் திரும்பி வந்தபோது ஊரே கொண்டாடியது. உலையைக் கழற்றிப் பெட்ரோலில் ஓட்டிய முதல் நாள் அந்த மேட்டில் பஸ் நிற்காமல் ஏறியது. முன்வரிசையில் வக்கீல் நிம்மதியாகக் கண்ணை மூடியிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.