கண்ணுக்குத் தப்பாத பூச்சி

இன்று காலை ஜன்னல் திரையில் பழுத்த இலை ஒட்டியிருக்கிறதென்று பேத்தி தட்டிவிடப் போனாள். "தொடாதே கண்ணு, அது பூச்சி" என்றேன். எழுபது வயதிலும் இதற்கு மட்டும் என் கண் மங்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் கொல்லிமலையில் அம்மை குத்தும் வேலை பார்த்தேன். ரோடு ஏது, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஊசிப்பெட்டியைச் சுமந்து நடந்தே ஏற வேண்டும். நான் மூச்சு வாங்கி மேலே போவதற்குள் என் வரவு ஊர் ஊராகப் பரவிவிடும். குத்திக்கொண்டால் மாரியாத்தா கோபிப்பாள் என்ற பயத்தில், பிள்ளைகளைக் குதிருக்குள்ளும் சாமை வைக்கோலுக்குள்ளும் ஒளித்துவிடுவார்கள். ஒளித்த பிள்ளையைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன் என்று எனக்கு ஆபீசில் பெயர் உண்டு. நானும் அதை நம்பினேன்.

நடையின் அலுப்புத் தெரியாமலிருக்க ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. அங்கே ஒரு விட்டில் உண்டு. பழுத்த பலா இலையின் மஞ்சள், நரம்பு போலக் கோடுகள், பின்னிறக்கையில் காம்பு மாதிரி இரண்டு வால், வாலடியில் கண் போலக் கறுப்புப் பொட்டு. தலை எந்தப் பக்கம் என்று கொத்த வரும் குருவியே குழம்பிப்போகும். மலைக்காரர்கள் அதைச் சருகுப்பூச்சி என்பார்கள். சருகுக்கு நடுவே அதைக் கண்டுபிடித்துவிட்டால் எனக்கு அன்று சோறுகூட வேண்டாம்.

செம்மேட்டுக்கு அப்பால் பொன்னாயி என்பவள் வீடு. குழந்தை இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லீங்க சாமி. எம்மவ அம்மாயி ஊட்டுக்குப் போயிருக்குது."

பலா மரத்தடியில் சருகு கூட்டிக் குவித்திருந்தது. அதன் உச்சியில் சருகுப்பூச்சி. நான் பெட்டியை வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தேன். பொன்னாயியின் முகம் வெளுத்துவிட்டது.

"ஏனுங்க, அங்க என்னத்தப் பாக்கறீங்க?"

"இலைக்கு நடுவுல பூச்சி. உனக்குத் தெரியுதா?"

"தெரியலீங்க."

குரல் நடுங்கியது. என் கண்ணின் கூர்மையை வியக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது குவியல் லேசாக அசைந்தது, பூச்சி பறந்துபோனது. பாழாய்ப்போன காற்று என்று அலுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த தடவை போனபோது அந்த வாசலில் காய்ந்த வேப்பிலை தொங்கியது. அம்மை வந்து குழந்தை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. பொன்னாயி என்னைத் திட்டவில்லை.

"அன்னைக்கு அந்தச் சருகுக்குள்ளதான் இருந்தா, சாமி. நாந்தான் ஒளிச்சு வெச்சேன். பூச்சி தெரிஞ்ச கண்ணுக்கு எம்மவளத் தெரிஞ்சிருக்கக் கூடாதுங்களா?"

அதற்குப் பிறகு நான் பூச்சி தேடவில்லை.

இப்போது அம்மையும் இல்லை, அம்மை குத்துகிறவனும் இல்லை. பேத்தியின் கையைப் பிடித்துத் திரையிலிருந்து விலக்கினேன். ஊசித் தழும்பு இல்லாத வழவழப்பான கை. நான் ஒரு தடவைகூடப் பார்க்காத அந்தக் குழந்தையின் கையும் இப்படித்தான் இருந்திருக்கும்.