எழுந்திருக்கக் கூடாத பந்தி

எங்கள் ஊரில் கடலைப் பார்த்தவர் என் சித்தப்பா ஒருவர்தான். பார்த்தது மட்டுமல்ல, அதன் மேலேயே குடியிருந்தார். கேட்டரிங் படித்துவிட்டு ஒரு பெரிய பயணிகள் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவர், ஒன்பது மாதம் தண்ணீரில் இருப்பார், இரண்டு மாதம் மலைக்கு வருவார். மலையூர்கள் சில சேர்ந்த எங்கள் குண்டனி நாட்டில் ஊர்க்காரர்களைக் கேட்டால் கப்பலை ஓட்டுவதே அவர்தான் என்பார்கள். "நான் ஓட்டலீங்க, சாப்பாட்டு ஹால்ல பரிமாறுறேன்" என்று அவரும் சொல்லித்தான் பார்த்தார். அதை அவருடைய அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்களே தவிர ஒருவரும் நம்பவில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவர் விடுப்பில் வந்த ஒரு தடவையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அப்போது எங்கள் குடும்பம் இரண்டாகக் கிடந்தது. அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு மிளகுக்கொடி. இருவர் காட்டுக்கும் நடுவில் வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள் நிற்கும். அதில் ஒரு மரம் பெரியப்பாவின் பக்கத்தில் இருந்தது. அதன் மேல் ஏறியிருந்த கொடியின் வேர் எங்கள் பக்கத்தில் இருந்தது. வேர் யாருடையதோ மிளகும் அவருக்குத்தான் என்றார் அப்பா. மரம் யாருடையதோ அவருக்குத்தான் என்றார் பெரியப்பா. இவர்கள் வழக்கைப் பேசிக்கொண்டிருந்த இரண்டு வருடமும் அந்தக் கொடியின் மிளகைப் பறவைகள் தின்றன.

தை மாதத்தில் ஊர்க்கவுண்டர் தலையிட்டார். எங்கள் ஊருக்குத் தலைவர் அவர்தான். அவர் பேச்சை யாரும் தட்டுவதில்லை. அவர் போட்ட தீர்ப்பு இது: "ரெண்டு ஊட்டு ஆளுங்களும் எங்க ஊட்டு வாசல்ல ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடணும். நான் இலைய மடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது, குஞ்சு குளுவான் உள்பட. நடுவுல எந்திரிச்சா மனசுல இன்னும் கசப்பு இருக்குதுன்னு அர்த்தம்."

கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. ஆனால் ஊர்க்கவுண்டருக்குப் பல் நாலைந்துதான் மிச்சம். போதாததற்கு, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் ஒரு கதை சொல்வார். அவர் சாப்பிட்டு முடிக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

அந்த முதல் பந்தி ரசம் வரைக்கும் கூடப் போய்ச்சேரவில்லை. பெரியப்பாவுக்கு ஆறு வயதில் இரட்டைப் பையன்கள். எனக்கு ஐந்து வயதில் ஒரு தம்பி. மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஓர் அப்பளத்துக்குச் சண்டை வந்தது. தம்பி அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு இலைகளைத் தாண்டி ஓட, அவனைத் துரத்திய ஒரு பையன் குழம்புச் சட்டிக்குள் காலை வைத்தான். பெரியம்மா பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். அம்மா பதிலுக்கு ஒன்பது வார்த்தை சொன்னாள். அப்பா பாதி இலையில் எழுந்து நடந்துவிட்டார். மிளகுக்கொடியோடு அப்பளமும் சேர்ந்து பகை முன்னைவிடக் கூடிப்போனது.

ஆனி மாதத்தில், பலாப்பழ வாசனையில் ஊரே மிதந்துகொண்டிருந்தபோது சித்தப்பா வந்து சேர்ந்தார். நடந்ததை எல்லாம் அப்பா ஒரு தடவையும் பெரியப்பா ஒரு தடவையும் அவரிடம் சொன்னார்கள். இரண்டு பேரிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டாராம்: "அது சரிங்கண்ணா, பந்தியில புள்ளைங்கள யாரு பாத்துக்கிட்டாங்க?"

யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதாகவே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

சித்தப்பா நேரே ஊர்க்கவுண்டரிடம் போய், மறுபடியும் ஒரு பந்தி வைக்கச் சொன்னார். பிள்ளைகள் தன் பொறுப்பு என்றார். "கப்பல்ல ராத்திரிச் சாப்பாடு ரெண்டு மணி நேரமுங்க. ஒண்ணு தின்னு முடிச்சாத்தான் அடுத்தது வரும். ஊர் ஊரா இருந்து வர்ற புள்ளைங்க. பத்து நிமிசத்துல மேசைக்கு அடியில பூந்துரும். அதுகளையே உக்கார வெக்கிறேன், நம்ம புள்ளைங்களுக்கு என்னங்க?" ஊர்க்கவுண்டர் சம்மதித்தார். கப்பலையே ஓட்டுகிறவருக்கு நாலைந்து பிள்ளைகள் ஒரு பொருட்டா என்று அவர் நினைத்திருக்கலாம்.

ஆனால் சித்தப்பாவால் வழிக்குக் கொண்டுவர முடியாத ஒரு பிள்ளை இருந்தது. அது அவருடைய சொந்த மகள். எங்களுக்கெல்லாம் பாப்பா. இன்னும் மூன்று வயது நிறையவில்லை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது கப்பலுக்குப் போனவர், நடுவில் ஒரு தடவை வந்து போனார். இப்போது வந்து பத்து நாளாகியும் அவள் அவரிடம் ஒட்டவில்லை. அவர் வீட்டுக்குள் வந்தால் சித்தியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவள் அவருக்கு வைத்திருந்த பெயர் "கப்பல் மாமா". "அப்பா எங்க பாப்பா?" என்று கேட்டால் அலமாரியில் இருக்கும் செல்போனைக் காட்டுவாள். மாதத்தில் நாலைந்து நாள், டவர் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று சித்தி பேசும்போது அதற்குள் தெரியும் முகம்தான் அவளுக்கு அப்பா. எங்களுக்கு இது பெரிய வேடிக்கை. சித்தப்பா பக்கத்தில் நிற்கும்போதே வேண்டுமென்று கேட்போம். அவள் போனைக் காட்டுவாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சித்தப்பாவும் எங்களோடு சிரிப்பார்.

பந்தி நாளன்று காலையில் சித்தப்பா எங்களை ஓடைக்குக் கூட்டிப்போனார். போகவர இரண்டு தடவை மேட்டில் ஓடவிட்டார். கால் ஓய்ந்தால்தான் உட்காரத் தோன்றும் என்பது கப்பல் பாடமாம். பிறகு ஆளுக்கு ஒரு துண்டு வேகவைத்த குச்சிக்கிழங்கு கொடுத்தார். "விருந்து இருக்குது, எதுக்குங்க கெழங்கு?" என்று அம்மா கேட்டாள். "பசியில அழுவுற புள்ளைய எந்த வித்தையாலயும் உக்கார வெக்க முடியாதுங்க அண்ணி" என்றார். கடைசியாக எல்லோரையும் வேலியோரம் நிற்கவைத்துச் சிறுநீர் கழிக்கச் சொன்னார். வரவில்லை என்றவர்களையும் விடவில்லை. நான் பெரிய பிள்ளை, என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பரிமாற வந்த பக்கத்து வீட்டுப் பெண்களிடம் அவர் தனியாகப் பேசினார். பிள்ளைகள் இலையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைக்கக் கூடாது. ஒவ்வொன்றாக, கொஞ்சமாக, இடைவெளி விட்டு வர வேண்டும். "அடுத்தது என்ன வரும்னு காத்துக்கிட்டே இருக்கோணும்" என்றார். அப்பளம் கண்ணிலேயே படக் கூடாது. பெரியவர்களுக்கும் ஓர் உத்தரவு இருந்தது: என்ன நடந்தாலும் யாரும் யார் பிள்ளையையும் அதட்டக் கூடாது.

ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் பந்தல். ஒரு முனையில் ஊர்க்கவுண்டர், அவருக்கு இரண்டு பக்கமும் அப்பாவும் பெரியப்பாவும், ஒருவரையொருவர் பார்க்காமல். பிறகு பெண்கள். மறுமுனையில் நாங்கள். தம்பிக்கும் இரட்டையருக்கும் நடுவில் சித்தப்பா ஒரு சுவரைப் போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவரும் பந்தியில் உட்கார்ந்தவர்தானே, அதனால் அவரும் எழுந்திருக்க முடியாது. பாப்பா சித்தியோடு சற்றுத் தள்ளி இருந்தாள்.

முதலில் தினைப் பாயசம் வந்தது. ஆளுக்கு இரண்டே கரண்டி. எங்கள் பாயசம் தீர்ந்தபோது ஊர்க்கவுண்டர் இன்னும் கிண்ணத்தைக் கையில் எடுக்கவில்லை. சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். சுருட்டினார், மடக்கினார், ஒரு முனையை இழுத்துவிட்டார். அது யானையாகி இலைக்கு முன்னால் நின்றது. கப்பலில் பயணிகளின் படுக்கை மேல் இப்படித்தான் துண்டில் மிருகம் செய்து வைப்பார்களாம். இரட்டையர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சாமைச் சோறு வந்தது, கோழிக்குழம்பு வந்தது, யானை முயலானது. பலாக்கொட்டைப் பொரியல் வந்தபோது முயல் பாம்பாகியிருந்தது. அடுத்த மிருகம் எது என்று சரியாகச் சொல்பவர்களுக்கு அடுத்த பதார்த்தம் முதலில் வைக்கப்பட்டது. பந்தி என்பது சாப்பிடுவதற்கானது என்பதையே நாங்கள் மறந்துபோனோம்.

ஒரு மணி நேரம் இப்படிப் போயிற்று. ஊர்க்கவுண்டர் தன் தாத்தாவைக் கரடி துரத்திய கதையில் இருந்தார். கரடி அப்போதுதான் புதரைவிட்டு வெளியே வந்திருந்தது.

பாப்பா சிணுங்கத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, பிறகு பந்தல் முழுக்கக் கேட்கும்படி. சித்தி சோற்றை ஊட்டிப் பார்த்தாள், பாப்பா துப்பினாள். சித்தி போனைக் கொடுத்துப் பார்த்தாள், அதில் டவர் இல்லை; பாப்பா தட்டிவிட்டாள். "எந்திரிக்கலாம்மா, ஊட்டுக்குப் போலாம்மா" என்று சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அம்மாவும் பெரியம்மாவும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. சித்தி தவித்துப்போய்ச் சித்தப்பாவைப் பார்த்தாள்.

சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாப்பாவைக் கூப்பிடவும் இல்லை. துண்டை உதறி மறுபடி மடிக்கத் தொடங்கினார். இந்தத் தடவை வெகு மெதுவாக. நீளமாக இரண்டு கை, இரண்டு கால், ஒரு தலை. குரங்கு. அதைத் தன் இலைக்கு எதிரே உட்காரவைத்து, ஒரு பருக்கைச் சோற்றை அதன் வாயருகே கொண்டுபோனார். குரங்கு தலையைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு பக்கம் கொண்டுபோனார், அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டது.

"எங்கிட்டத் தின்ன மாட்டேங்குது" என்று என்னிடம் வருத்தமாகச் சொன்னார். "அதுக்கு என்னயத் தெரியல போலிருக்குது."

"நான் ஊட்டட்டுங்களா?" என்றேன்.

"நீயும் பெரிய ஆளாட்டம் தெரியுற கண்ணு. பயந்துக்கும். சின்னக் கையா இருந்தாத் தின்னும்."

சிணுங்கல் நின்றிருந்தது. சித்தியின் பக்கத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பாப்பா முட்டி போட்டு, இலைகளுக்குப் பின்னால், ஒவ்வொருவர் முதுகாகத் தொட்டுக்கொண்டு தவழ்ந்து வரத் தொடங்கினாள். பந்தியே அவளைத் திரும்பிப் பார்த்தது. கரடி கூடப் புதரோரமே நின்றுவிட்டது.

"எந்திரிச்சிருச்சே" என்றார் பெரியப்பா, தாழ்ந்த குரலில்.

"எந்திரிக்கலீங்க" என்றார் அப்பா. இரண்டு வருடத்தில் அண்ணனைப் பார்த்து அவர் சொன்ன முதல் சொல் அது. அதுவும் மறுப்புச் சொல்தான்.

எல்லோரும் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார்கள். அவர் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். பாப்பாவை உற்றுப் பார்த்தார். "ரெண்டு கால்ல நின்னாத்தானப்பா எந்திரிச்சது? நாலு கால்ல போறது என் கணக்குல வராது" என்றார். முதலில் பெரியப்பா சிரித்தார். அதைப் பார்த்து அப்பா சிரித்தார். அப்புறம் பந்தலே சிரித்தது.

பாப்பா யாரையும் பார்க்கவில்லை. சித்தப்பாவின் இலையிலிருந்து சோற்றை எடுத்துக் குரங்குக்கு ஊட்டினாள். குரங்கு தலையாட்டித் தின்றது. இரண்டாவது வாயும் தின்றது. மூன்றாவது வாயைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை அவர் வாயில் வைத்தாள். அவர் குரங்கைப் போலவே தலையாட்டித் தின்றார்.

அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் பந்தி நடந்தது. ரசம், மோர், தேனில் தோய்த்த பலாச்சுளை. கடைசியில் ஊர்க்கவுண்டரின் கண்ஜாடைக்குப் பிறகு அப்பளம் வந்தது, ஆளுக்கு மூன்று. சண்டை போட யாருக்கும் வயிற்றில் இடமில்லை. கரடியிடமிருந்து தாத்தா தப்பித்தார். ஊர்க்கவுண்டர் இலையை மடித்தார்.

"அந்தக் கொடிய நீயே வெச்சுக்கடா" என்றார் பெரியப்பா.

"வேண்டாங்கண்ணா. நீங்களே பறிச்சுக்குங்க."

"நான் சொல்றேன்ல, நீ வெச்சுக்க."

"உங்க மரமுங்கண்ணா அது."

குரல்கள் உயர ஆரம்பித்தன. இந்தத் திக்கில் ஒரு புதுச் சண்டை வந்துவிடும் என்று பயந்தோ என்னவோ, "ரெண்டு பேரும் சேந்து பறிச்சு எங்க ஊட்டுக்குக் குடுத்துருங்க" என்று ஊர்க்கவுண்டர் முடித்துவைத்தார்.

எல்லோரும் கை கழுவப் போனோம். பெரியம்மா அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றினாள். தம்பியும் இரட்டையரும் பந்தல் காலைச் சுற்றி ஓடத் தொடங்கியிருந்தார்கள். இலைகளை எடுத்தாயிற்று. ஒரே ஓர் இலை மட்டும் எடுக்கப்படாமல் கிடந்தது. அதன் முன்னால் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் பாப்பா தூங்கிப்போயிருந்தாள். குழம்புக் கை அவர் சட்டையைப் பிடித்திருந்தது.

"சித்தப்பா, எல்லாரும் எந்திரிச்சாச்சுங்க" என்றேன்.

"தெரியுது கண்ணு."

சித்தி வந்து, "குடுங்க, உள்ள படுக்க வெக்கிறேன்" என்று கையை நீட்டினாள். அவர் தலையை ஆட்டினார். "இருக்கட்டும். இப்படியே இருக்கட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. துண்டில் குதிரை செய்து காட்ட வேண்டிய நேரத்தில் மனிதர் இப்படி உட்கார்ந்துகொண்டிருக்கிறாரே என்று அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன். அம்மா தூரத்திலிருந்தே அவரைப் பார்த்தாள். என்னைத் திட்டவில்லை, அவரைக் கூப்பிடவும் இல்லை. ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்து, "உக்காந்த இடத்துலயே சித்தப்பாவுக்குக் கையில ஊத்து, போ" என்றாள்.

காய்ந்துபோன கையை அவர் இலைக்கு மேல் நீட்டினார். நான் ஊற்றினேன். கழுவி முடித்து நிமிர்ந்தபோது அவர் கண்ணிரண்டும் நிறைந்திருந்தன.

"என்னங்க சித்தப்பா, காலு மரத்துப்போச்சுங்களா?"

"ஆமா சாமி" என்றார், சிரித்துக்கொண்டே. "ரொம்ப மரத்துப்போச்சு."

வெயில் சரிந்து பந்தலுக்குள் வரும் வரைக்கும் அவர் அசையவில்லை. கால் மரத்துப்போனால் பெரியவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்று அதற்குப் பிறகு வெகுகாலம் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.