முதல் விலை

லாரி புரோக்கருக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் ரெண்டு போன். ஒன்றில் சரக்கு வைத்திருப்பவர்கள் பேசுவார்கள், மற்றதில் லாரி வைத்திருப்பவர்கள். இந்த இரண்டு கூட்டமும் நேராகப் பேசிக்கொண்டுவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. டயர் கடைக்கு மேலே ஓர் அறை, காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தரும் ஒரு மின்விசிறி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, அவரிடம் சொந்தமாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும். தொழிலுக்குப் போட்ட முதல் இவ்வளவுதான்.

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே முதல் பொய்யைச் சொல்லிவிடுவார். "வண்டி கிளம்பிடுச்சு சார்" என்று கம்பெனிக்காரரிடம் சத்தியம் செய்யும்போது அந்த வண்டியின் டிரைவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் இதில் ஒரு குஷி இருந்தது. இப்போது பொய் சொல்வதற்கும் அலுப்பாக இருக்கிறது.

அவரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லாத ஆள் கிடையாது. கம்பெனி என்ன வாடகை தருகிறது என்று லாரிக்காரரிடம் சொல்ல மாட்டார். லாரிக்காரருக்கு என்ன கொடுக்கிறார் என்று கம்பெனிக்கும் சொல்ல மாட்டார். நடுவில் நிற்பது அவருடையது. நிற்பதெல்லாம் கையில் தங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கம்பெனி பணம் தர இரண்டு மாதம் ஆகும். டீசல் போட லாரிக்காரருக்கு அன்றைக்கே வேண்டும். பாதி வழியில் வண்டி படுத்துவிட்டால் வேறு வண்டி பிடித்து, சரக்கை மாற்றி, கைக்காசைப் போட்டு, இரண்டு பக்கமும் திட்டு வாங்க வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்த நிலைமையில்தான் லாரிக்காரர் சங்கம் கூட்டம் போட்டது. புரோக்கர் எடுப்பதற்கு ஒரு வரம்பு வேண்டும், அது முடியாவிட்டால் கம்பெனி தரும் வாடகையாவது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றார்கள். புரோக்கர்கள் பக்கம் ரெண்டு போன் எழுந்து பேசினார்.

"காய்கறிக் கடையில போய், நீ என்ன விலைக்கு வாங்கினேன்னு கேக்கறீங்களா? எங்ககிட்ட மட்டும் ஏன் கேக்கறீங்க? நஷ்டம் வந்தா பங்குக்கு வருவீங்களா?"

"நஷ்டம் வந்த மூஞ்சியா இது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும் முன்னால் ஒருவர் எழுந்து நின்றார். ரெண்டு போனின் தங்கை வீட்டுக்காரர். சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து ஓட்டுகிறவர், அதற்கும் தவணை முடிந்தபாடில்லை. நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

"எங்க மச்சான அப்படிச் சொல்லாதீங்க. கல்யாணம் ஆனதுலேருந்து அவர்கிட்டதான் லோடு எடுக்கறேன். ஒரு நாளும் பேரம் பேசினதில்ல. அவர் சொல்ற வாடகை எப்பவும் நியாயமாத்தான் இருக்கும்."

ரெண்டு போன் தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

விஷயம் என்னவென்றால், இந்தத் தொழிலில் முதலில் சொல்லும் விலை விலையே கிடையாது. கம்பெனி இருபதாயிரம் தந்தால் ரெண்டு போன் பதினாறு என்று ஆரம்பிப்பார். லாரிக்காரர் ஒரு பாட்டம் அழுவார், கோபித்துக்கொண்டு போனை வைப்பார், மறுபடி கூப்பிடுவார், கடைசியில் பதினெட்டில் வந்து நிற்கும். எல்லோருக்கும் தெரிந்த கூத்துதான் இது. தங்கை வீட்டுக்காரர் ஒருவர்தான் பதினாறு என்றதும், "சரி மச்சான், வண்டிய எங்க போடணும்?" என்று கேட்டவர். பெண் கொடுத்த வீட்டில் பேரம் பேசுவது மரியாதை இல்லை என்று அவர் நினைப்பு. முதல் தடவை ரெண்டு போனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த லோடில் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். அடுத்த லோடு வந்தபோது மகளுக்குக் காலேஜில் பணம் கட்ட வேண்டியிருந்தது. அதற்கடுத்த லோடில் எவனோ ஒருவன் சரக்கை நனைய விட்டுவிட்டான். அப்புறம் அதுவே பழகிப்போயிற்று. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அழாத இந்தப் பிள்ளை, இருக்கிற லாரிக்காரர்களிலேயே குறைந்த வாடகைக்குச் சொந்த மச்சானிடம் ஓட்டிக்கொண்டிருந்தது.

சங்கத்துக்கு வரம்பு கிடைக்கவில்லை, போர்டு கிடைத்தது. கம்பெனி எந்த ஊருக்கு என்ன வாடகை தருகிறது என்று திங்கட்கிழமையிலிருந்து கிடங்கு வாசலில் எழுதி மாட்டுவதாக முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு போன் தங்கை வீட்டுக்குப் போனார். போர்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் அது திருட்டு, தானே போய்ச் சொன்னால் வெறும் தப்பு. அந்த அளவுக்காவது மானம் மிஞ்சட்டும் என்று பார்த்தார்.

மாப்பிள்ளை வாசலில் தார்ப்பாயை விரித்துப் போட்டுக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். தங்கை காபி கொண்டுவந்து வைத்தாள்.

"என்னண்ணா, மூஞ்சியே சரியில்ல. மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன்மா." மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "மாப்ள, இனிமே உங்களுக்கு வாடகை ஏத்தித் தரலாம்னு இருக்கேன்."

"எதுக்கு மச்சான்? டீசல்கூட ஏறலையே. எனக்காக நீங்க கையக் கடிச்சுக்காதீங்க."

"இவர் எப்பவும் இப்படித்தான்" என்றாள் தங்கை. "முன்னாடி டயர் ரெண்டும் மொட்டை. அண்ணன்கிட்ட கேக்கறேன்னு சொன்னா, அவருக்கே ஆயிரம் கஷ்டம், அவரத் தொந்தரவு பண்ணாதேங்கறார். என் வளையல வைக்கப் போறோம்."

இதற்குமேல் எப்படிச் சொல்வது? வாய்வரை வந்ததைக் காபியோடு சேர்த்து விழுங்கினார். சொல்லித்தான் இருக்க வேண்டும். பொழுதுக்கும் வாய் கூசாமல் பொய் சொல்கிறவருக்கு ஒரே ஒரு உண்மையைச் சொல்லத் தெம்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

திங்கட்கிழமை போர்டு மாட்டினார்கள். அன்றைக்கு வந்த லாரிக்காரர்கள் எல்லோரும் கூடுதலாகக் கேட்டார்கள், கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டும் போனார்கள். புரோக்கர்கள் பயந்தபடி உலகம் ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. மத்தியானம் மாப்பிள்ளை படியேறி வந்தார். எப்போதும் நேராக வந்து மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்காருகிறவர், மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் போன பிறகு எழுந்து வந்து நின்றார்.

"லோடு ஏதாவது இருக்கா?"

"இருக்கு மாப்ள, உக்காருங்க. கம்பெனி இருபது தருது. இருபதையும் நீங்களே எடுத்துக்கோங்க. எனக்கு ஒண்ணும் வேணாம்."

"மத்தவங்களுக்கு என்ன தர்றீங்க?"

"பதினெட்டு. இன்னைக்கு ஒருத்தருக்குப் பதினெட்டரை."

"அப்ப எனக்கும் பதினெட்டரை போடுங்க." பேரம் பேசிப் பழகாத மனிதர், மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் சொல்றதக் கேளுங்க மாப்ள. பழசையெல்லாம் கணக்குப் பார்த்து நானே..."

"அதெல்லாம் வேணாம். பதினெட்டரை முடியுமா, முடியாதா?"

"முடியும்."

மாப்பிள்ளை தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். ரெண்டு போனுக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே படிவரை போனார்.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. "சொல்லல. பிறந்த வீடுன்னு அவளுக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். ஞாயித்துக்கிழமை எப்பவும்போல வந்துட்டுப் போங்க. வரலேன்னா ஏன்னு கேப்பா."

ரெண்டு போன் சரி என்றார். இனி அந்த வீட்டில் குடிக்கும் ஒவ்வொரு வாய்க் காபியும் மாப்பிள்ளை போடும் பிச்சை என்று அவருக்குத் தெரிந்தது.