குழாயை மட்டும் பார்

சிலோயே தீவில் எங்கள் கரையில் கடலுக்கடியில் இறங்கிக் பாறையில் முள் உருண்டையாய் ஒட்டிக் கிடக்கும் கடல் முள்ளெலிகளை விற்பனைக்குப் பொறுக்குகிற ஒரே பெண் என் பக்கத்து வீட்டு ஒத்திலியாதான். வீராங்கனை என்று நினைத்துவிடாதீர்கள். அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இடி இடித்தால் என் அடுப்படிக்கு ஓடி வந்துவிடுவாள். புருஷன் இன்னொருத்தியோடு ஓடிப்போனான். பானையில் உருளைக்கிழங்கு வேக வேண்டுமே, அதனால் இறங்கினாள். ஒவ்வொரு முறையும் சிலுவை சுமக்கும் நசரேனோ சாமியைக் கும்பிட்டுவிட்டு, பயத்தில் பல் தந்தியடிக்கத்தான் இறங்குவாள்.

கடலைவிடப் பெரிய பயம் மகள் மிரேயா. பதினாறு வயது. புத்தகத்தைத் திறந்தால் கண் சன்னலுக்குப் போய்விடும். எங்கோ நாய் குரைத்தால் அங்கே, கூரையில் மழைச் சத்தம் மாறினால் இங்கே. ஊரே அவளைப் 'பராக்கு' என்றுதான் கூப்பிட்டது. தான் போய்விட்டால் இவள் எப்படிப் பிழைப்பாள் என்று ஒத்திலியா நடுங்காத நாளில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கு வரும் பாவுலினா டீச்சர் ஒருநாள் வீடு தேடி வந்தாள்.

"அவ கவனிக்காம இல்லக்கா. எல்லாத்தையும் ஒண்ணாக் கவனிக்கிறா. மைதானத்துல எந்தப் பிள்ளையக் காணோம்னு மொதல்ல சொல்றது அவதான். நாலு பக்கமும் கண்ணு வேணுங்கிற வேலையாக் கொடுத்துப் பாருங்க."

"படிப்பு ஏறலங்கிறதத்தான் இப்படிச் சர்க்கரை தடவிச் சொல்றீங்களா டீச்சர்?" என்றாள் ஒத்திலியா.

கடலுக்கடியில் இருப்பவளுக்கு மூச்சு, படகில் என்ஜினால் ஓடும் கம்ப்ரசர் அனுப்பும் காற்றுதான். அங்கிருந்து ஒரு நீளக் குழாய் அவள் வாய்க்குப் போகும். மேலே ஒருவர் அந்தக் குழாயைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். ஒரு இழுப்பு என்றால் நலம். விடாமல் இழுத்தால் உடனே மேலே வா. வழக்கமாகப் பிடிக்கும் என் மைத்துனன் குடித்துவிட்டுக் கையை உடைத்துக்கொண்டான். முள்ளெலிப் பருவமோ முடியப்போகிறது. "நான் பிடிக்கிறேன்மா" என்றாள் மிரேயா. ஒத்திலியாவுக்கு மனமில்லை. ஆனால் வேறு ஆள் இல்லை.

படகு என் வீட்டுக்காரர் எலியேசருடையது. அந்த மனுஷருக்கு வாய் சும்மா இருக்காது. "பராக்கு கையில உசிரக் கொடுக்கிறியே, உயில் எழுதிட்டியா?" என்று சிரித்தாராம்.

ஒத்திலியா சிரிக்கவில்லை. மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "குழாய மட்டும் பாரு. பறவை, அலை, மாமா மூஞ்சி, எதையும் பாக்கக் கூடாது. பாத்தேன்னு தெரிஞ்சுது, தோல உரிச்சிடுவேன்."

இறங்கினாள். கண் முன்னால் முள்ளெலியும் மனசில் மகளுமாக, கூடையை நிரப்பிக்கொண்டிருந்தாள். குழாய் கொஞ்சம் அசைந்தாலும் நெஞ்சு திக்கென்றது. பிறகு லேசாகத் தலை வலித்தது. அதன்பின், அவள் வாழ்நாளில் நடக்காதது நடந்தது. பயம் போய்விட்டது. குளிர் தெரியவில்லை, மகள் ஞாபகம் இல்லை, பாறை மேல் கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் போலிருந்தது. "அப்பிடி ஒரு நிம்மதிடி" என்று என்னிடம் சொன்னபோது அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்திருந்தது.

அப்போது குழாய் இழுத்தது. சனியன், விளையாடுகிறது என்று நினைத்தாள். மறுபடி இழுத்தது. நிற்கவே இல்லை. கோபம்கூட வரவில்லை அவளுக்கு. தானாக எழும்பவில்லை. மேலே இருந்தவள்தான் இழுத்தாள், பலகையில் காலை உதைத்துக்கொண்டு, கை தோல் உரிய.

"காத்து திரும்பிடுச்சு மாமா! பொகை உள்ள போகுது!"

என் வீட்டுக்காரர் முன்பக்கம் உட்கார்ந்து மாத்தே என்கிற கசப்பு டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஓடி வந்து பார்த்தார். என்ஜின் புகை ஒரு பக்கம் போக வேண்டும், கம்ப்ரசர் மறுபக்கமிருந்து நல்ல காற்றை இழுக்க வேண்டும். காற்று திசை மாறியதில், கம்ப்ரசர் அந்தப் புகையையே குடித்து ஒத்திலியாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. நச்சுப்புகை; கீழே அவளுக்கு வந்த நிம்மதியும் அதன் வேலைதான். அவர் கையிலிருந்த மாத்தேக் குவளை கடலுக்குப் போயிற்று.

இருவரும் சேர்ந்து அவளைப் படகுக்குள் தூக்கிப் போட்டார்கள். குடல் வெளியே வரும்படி வாந்தியெடுத்தாள். கண்ணைத் திறந்தபோது மிரேயா மூலையில் சுருண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அடிக்காதம்மா. நான் குழாய மட்டும் பாக்கல."

"என்னடி சொல்ற?"

"பொகை திரும்புனத அப்பவே பாத்துட்டேன். சொன்னா, ஏன் அங்க பாத்தேன்னு நீ திட்டுவியேன்னு பயந்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டேன்மா."

ஒத்திலியா தவழ்ந்து அவளிடம் போனாள். தோல் உரிந்த அந்தக் கைகளை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். புகையைவிட, அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளை இன்றைக்கும் தூங்கவிடாமல் அடிக்கிறது.

இப்போதும் பல் தந்தியடிக்கத்தான் இறங்குகிறாள். குழாய் பிடிப்பது மிரேயாதான். இறங்குமுன் ஒத்திலியா அவளிடம் சொல்வதை நான் கரையிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

"எங்க வேணாலும் பாருடி. பாத்ததச் சொல்லிடு. நான் திட்டமாட்டேன், சத்தியமா திட்டமாட்டேன்."